கறுப்பு அலமாரிக்கு வெள்ளைக் கல்

1

என் மனைவியின் கண் நோய் பரம்பரையாக வருவது என்று டாக்டர் என்னிடம் சொன்னதை, என் மகளிடம் முப்பது ஆண்டுகள் மறைத்தேன். மறதியால் அல்ல, அறியாமையால் அல்ல. அவளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆக வேண்டும் என்று மறைத்தேன். கல்யாணம் ஆன பிறகு, மறைத்தது வெளியே தெரியக் கூடாது என்று மறைத்தேன். எனக்கு இப்போது எண்பது வயது. தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தியவன், அதிலும் ஒளியியல். படிக்காத மனிதன் செய்த தவறு என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டியதில்லை.

என் மனைவி எஸ்தர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அமெரிக்காவில் மகள் சுகந்தி வீட்டில் இருக்கிறேன். காலை ஏழரைக்கு மருமகன் பிரபாகர் காரை எடுத்துக்கொண்டு போவார். எட்டேகாலுக்குச் சுகந்தி போவாள். அதற்குப் பிறகு வீட்டில் நானும் பாத்திரம் கழுவும் இயந்திரமும்தான். பேத்தி ரேச்சல் வேறொரு ஊரில் வேலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில், "ஹாய் தாத்தா, சாப்ட்டாச்சா?" என்பாள். அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் ஓடாது. அவள் ஆங்கிலத்தின் வேகத்துக்கு நான் ஓட முடியாது. இருவரும் வானிலையைப் பேசி முடித்துக்கொள்வோம்.

போன இலையுதிர் காலத்தில் சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டுவது என்று முடிவானது. முதலில் அலமாரிகள் வந்தன. வறுத்த காபிக் கொட்டையின் நிறம். மாலையில் பார்த்தால் கறுப்பேதான். அடுத்து, மேடைக்கு என்ன நிறத்தில் கல் போடுவது என்ற பேச்சு. கடையிலிருந்து உள்ளங்கை அளவில் ஆறு மாதிரித் துண்டுகள் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பிவைத்தார்கள். மூன்று வாரம் அவற்றைத் தள்ளிவிட்டுத்தான் சாப்பிட்டோம்.

பிரபாகருக்குக் கறுப்பு கிரானைட்தான் வேண்டும்.

"நம்ம ஊர்லேர்ந்து கப்பல்ல வர்ற கல்லு மாமா. இங்க வெள்ளக்காரன் தலைமேல வச்சிக் கொண்டாடுறான். நாம வேணாங்கலாமா? நீங்க சொல்லுங்க."

"என்னை ஏம்பா இழுக்குற?" என்றேன்.

"எனக்கு வெள்ளைதான்" என்றாள் சுகந்தி. "எங்கம்மா கிச்சன்ல வெள்ளை. அந்தக் காலத்துலயே எங்கப்பா போட்டுக் குடுத்தாரு, தஞ்சாவூர்ல ஒருத்தர் வீட்லயும் கெடையாது. உங்க வீட்ல என்ன இருந்துச்சு, கடப்பாக் கல்லுதானே?"

"வெள்ளை மேடை காட்டித்தான்டி உங்கப்பா என்னைப் புடிச்சாரு" என்று பிரபாகர் சிரித்தார்.

அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பது அவருக்குத் தெரியாது. நான் தட்டோடு எழுந்து போய்விட்டேன்.

2

எங்கள் வீட்டிலும் முதலில் கடப்பாக் கல் மேடைதான். கறுப்புக் கல், ஒரே ஒரு ஜன்னல், புகை படிந்த சுவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எஸ்தர் பாத்திரங்களைத் தட்டிவிட ஆரம்பித்தாள். மேடையில் இருக்கும் கத்தியைத் தேடுவாள். இரும்புக் கரண்டி கண்ணெதிரில் கிடக்கும், கையால் துழாவுவாள். "புத்தி எங்க இருக்கு?" என்று நான் கேட்டிருக்கிறேன். ஒருநாள் கொதிக்கும் ரசத்தை மேடை முடிந்த இடத்துக்கு அப்பால், காற்றில் இறக்கிவைத்தாள். பாதத்தில் கொப்புளம் ஆறுவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் மதுரைக்கு அழைத்துப் போய்க் கண் டாக்டரிடம் காட்டினேன். சுகந்தி அப்போது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு இது தெரியாது.

அவர் பொறுமையான மனிதர். படம் வரைந்து காட்டினார். விழித்திரை ஓரத்திலிருந்து உள்நோக்கிச் செத்துக்கொண்டு வருகிறது. முதலில் மங்கிய வெளிச்சத்தில் தெரியாது, பிறகு பக்கப் பார்வை போகும், கடைசியில் நடுப் பார்வையும் போகலாம். "உங்க அப்பா அம்மாவுல யாருக்காவது இப்படி இருந்துச்சாம்மா?" என்று எஸ்தரைக் கேட்டார்.

அவளுடைய அப்பா கீழ்வேளூரில் நெல் விவசாயம் செய்தவர். பொழுது சாய்ந்தால் வயல் பக்கம் போகமாட்டார். தண்ணீர் முறை வரும் நாளில்கூட மதகைத் திறக்க ஆள் அனுப்பிவிடுவார். பாம்புக்குப் பயந்தவர் என்று ஊரில் அவருக்குப் பெயர். எஸ்தர் அதைச் சொன்னதும் டாக்டர் பேனாவை மூடிவைத்தார்.

"பாம்பு இல்லம்மா. இதுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. உங்க பொண்ணை ஒரு தடவை காட்டிடுங்க. அப்புறம் சில வருஷத்துக்கு ஒரு தடவை பாத்துக்கிட்டே இருக்கணும்."

சரி என்றேன். அவர் எழுதிக் கொடுத்த தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். திரும்பும் பஸ்ஸில் எஸ்தர், "சுகந்திய அடுத்த வாரமே கூட்டிட்டு வந்துருவோங்க" என்றாள்.

அடுத்த வாரம் வேறொரு கடிதம் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து, எங்களைப் போலவே லுத்தரன் சபைக் குடும்பம். பையன் பிரபாகர் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா போயிருக்கிறான், ஒரு மாத விடுப்பில் வருகிறான், பெண்ணைப் பார்க்க வரலாமா என்று கேட்டிருந்தார்கள். அந்த வருடங்களில் டெல்டாவில் பெண்ணைப் பெற்ற வீடுகளில் அப்படி ஒரு கடிதம் வந்தால் என்ன நடக்கும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் கடிதத்தை மூன்று முறை படித்தேன். டாக்டர் கொடுத்த தாளைக் கிழித்தேன்.

பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டேன். மேடைக்கு வெள்ளை டைல்ஸ் போட வேண்டும் என்றேன். தஞ்சாவூரில் அப்போதுதான் டைல்ஸ் கடைகள் முளைத்துக்கொண்டிருந்தன.

"சார், இது பாத்ரூமுக்குப் போடுறது" என்றார் கொத்தனார். "அடுப்படியில போட்டா மஞ்சக் கறை போவாதுங்க. பாக்குறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். போடுங்க."

நான் நடத்திய பாடம்தானே. இருட்டான பொருளை வெளிச்சமான பின்னணியில் வைத்தால் மங்கிய கண்ணுக்கும் எல்லை தெரியும். வெள்ளை மேடையில் எஸ்தரின் கை தடுமாறவில்லை. பார்த்தவர்கள், அமெரிக்க மாப்பிள்ளை வருகிறார் என்று வாத்தியார் அமெரிக்க அடுப்படி கட்டிவிட்டார் என்றார்கள். நான் மறுக்கவில்லை. அவளுக்கு உதவி செய்ததாக என்னிடமே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவளைக் குறையில்லாதவளாகக் காட்டுவதற்கு மேடை கட்டினேன்.

3

பெண் பார்க்க நாலு மணிக்குள் வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தேன். நல்ல நேரம் கெட்ட நேரம் பார்க்காத குடும்பம் நேரத்தில் இத்தனை கறாராக இருக்கிறதே என்று அவர்கள் வியந்தார்களாம். எனக்கு வேண்டியது பகல் வெளிச்சம்.

நாலு ஆயிற்று, ஐந்து ஆயிற்று. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டி மாட்டிக்கொண்டது என்று பின்னால் தெரிந்தது. ஆறேகாலுக்கு அவர்கள் படியேறினார்கள். ஆறரைக்குக் கரண்டு போயிற்று.

கூடத்தில் மெழுகுவர்த்தி வைத்தேன். சம்பந்தியாக வரவேண்டிய அம்மா, "பொண்ணோட அம்மா எங்க, வந்து உக்காரச் சொல்லுங்க" என்றார். உள்ளே எஸ்தர் காபித் தட்டைக் கையில் ஏந்தி, சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்து கூடத்துக்கு எட்டு அடி. நடுவில் ஒரு நிலைப்படி, விரித்திருந்த பாய், ஒரு முக்காலி. அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று மெல்ல இடித்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது.

நான் எழுந்து போய்த் தட்டை வாங்கிக்கொண்டேன். "எங்க வீட்ல விருந்தாளிக்கு நான்தான் காபி குடுப்பேன்" என்று சத்தமாகச் சொன்னேன்.

அந்த அம்மா மகனிடம் திரும்பி, "பாத்துக்கடா. இப்படி ஒரு மாமனார் கெடைப்பாரா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கல்யாணம் அந்த நிமிடத்தில் முடிவாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று போதகர் படித்துவிட்டு, ஒரு கணம் நிறுத்துவார். கண் நோய் சபைச் சட்டப்படி தடையல்ல. ஆனாலும் அந்த ஒரு கணத்தில், மூன்று ஞாயிறும், நான் பாட்டுப் புத்தகத்தின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது ஞாயிறு வீட்டுக்கு நடந்து வரும்போது எஸ்தர் கேட்டாள்.

"சொல்லிருவோங்க. அவங்ககிட்ட இல்லாட்டியும், நம்ம பொண்ணுகிட்டயாவது."

"கல்யாணம் முடியட்டும்."

கல்யாணம் முடிந்தது. விசா வரட்டும் என்றேன். விசா வந்தது. மாசமாக இருக்கிறாள், இப்போது பயமுறுத்தக் கூடாது என்றேன். குழந்தை பிறந்தது. பிறகு எஸ்தர் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அவளுக்குக் கொஞ்சம் சர்க்கரை இருந்தது. பார்வை முழுவதும் போனபோது, சர்க்கரையால் போயிற்று என்று மகளிடம் போனில் சொன்னேன். எஸ்தர் அந்தப் பொய்யைச் சொன்னதே இல்லை. கண் பற்றிப் பேச்சு வந்தால் ரிசீவரை என் பக்கம் நீட்டிவிடுவாள். வாரத்துக்கு ஒரு முறை, இருபது வருடத்துக்கு மேல், நான் அதைக் கைநீட்டி வாங்கிக்கொண்டேன். ஞாயிறுதோறும் ஆலயத்தில் பாவ அறிக்கையைச் சபையோடு சேர்ந்து சத்தமாகப் படித்தவனும் நான்தான்.

4

நவம்பரில் கல் கிடங்குக்குப் போனோம். பிரபாகர் அலுவலகத்திலிருந்து தன் காரில் வந்தார். ஆள் உயரப் பலகைக் கற்களை வரிசை வரிசையாக நிமிர்த்திவைத்திருந்தார்கள், நடுவே சந்துகள். எங்கள் அலமாரிக் கதவு ஒன்றைச் சுகந்தி கையோடு எடுத்துவந்து, ஒவ்வொரு கல்லின் மேலும் சாய்த்துப் பார்த்தாள். கறுப்பு கிரானைட்டில் சாய்த்தபோது கதவு எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. விரலால் தடவிப் பார்த்தாள்.

அந்தத் தடவலை நான் அறிவேன். எஸ்தருடைய விரல்கள் கடப்பாக் கல்லில் அப்படித்தான் போகும்.

"பாருங்க, ரெண்டும் ஒண்ணாப் போயிருது" என்றாள்.

"அதுதான் அழகு" என்றார் பிரபாகர்.

கடைப் பெண் என்னிடம் திரும்பி, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் ஐயா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "ஷி நீட்ஸ் ஒயிட்" என்று என் வாயிலிருந்து வந்தது.

சுகந்தி சிரித்தாள். "அப்பா, வான்ட்ஸ்னு சொல்லுங்க. நீட்ஸ்னா எனக்கு என்னமோ கோளாறுன்னு நெனச்சுக்குவாங்க."

அடுத்த சந்துக்குத் திரும்பும்போது ஓரமாக நிறுத்தியிருந்த தள்ளுவண்டியில் இடுப்பை இடித்துக்கொண்டாள். "எந்த மடையன் இதை நட்ட நடுவுல வச்சான்?" என்றாள். வண்டி நடுவில் இல்லை. வழி தாராளமாக இருந்தது.

நாலே முக்காலுக்குக் கிளம்பினோம். இங்கே நவம்பரில் அந்த நேரத்துக்கே பொழுது சாய்ந்துவிடும். சுகந்தி காரோட்ட, நான் அவள் பக்கத்தில் முன் இருக்கையில். ஒரு தெருமுனையில், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வலப்பக்கமிருந்து சாலையைக் கடக்கத் தொடங்கினாள். சுகந்தியின் கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழவில்லை.

"சுகந்தி!"

கார் குலுங்கி நின்றது. குழந்தை வண்டிக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு கை நீளம் இருந்திருக்கலாம். அந்தப் பெண் எங்களைப் பார்த்து என்னவோ கத்திவிட்டுப் போனாள்.

"எங்கேர்ந்துப்பா வந்தா இவ? திடீர்னு மொளச்ச மாதிரி!"

அவள் திடீரென்று வரவில்லை. நாங்கள் வருவதற்கு முன்பிருந்தே நடைபாதையில் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளை வெகு தூரத்திலேயே பார்த்தேன்.

மகள் காரை ஓரமாக நிறுத்தினாள். சொல்வதற்கு அதுதான் நேரம். "மெதுவாப் போம்மா" என்று மட்டும் சொன்னேன்.

5

மூன்று நாள் பொறுத்து, என் கண்ணாடி சரியில்லை, டாக்டரிடம் போக வேண்டும், அப்படியே நீயும் காட்டிக்கொள் என்றேன். அதிலும் நேர்மை இல்லை. டாக்டரே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் என் வாயால் சொல்ல வேண்டாமே என்ற கணக்கு அது.

இங்கே எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் படிவம். அட்டையில் செருகிய நாலு பக்கம். முதலில் எனக்காகச் சுகந்தி நிரப்பினாள். "அப்பா, உங்க குடும்பத்துல பரம்பரையா வர்ற கண் நோய் யாருக்காவது இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மை. அடுத்து அவளுடைய படிவம். அதே கேள்விக்குப் பேனா நிற்காமல் கீழே இறங்கியது: இல்லை, இல்லை, இல்லை.

"எப்பவும் இப்படித்தான் போடுவியா?"

"பின்ன? போன வருஷம்கூட லைசென்ஸ் புதுப்பிக்கறப்ப டெஸ்ட் வச்சாங்க. நேரா இருக்குற எழுத்தைப் படிக்கச் சொன்னாங்க. கடைசி வரி வரைக்கும் படிச்சேன். அம்மாவுக்குச் சர்க்கரை, அதை மட்டும் இங்க எழுதிருவேன்."

"அதை அடிச்சிடு."

"எதை?"

"அம்மாவுக்குக் கண்ணு போனது சர்க்கரையால இல்லம்மா. ரெட்டினாவுல வர்ற நோய். உங்க கீழ்வேளூர் தாத்தாவுக்கும் இருந்துச்சு. பரம்பரையா வர்றது. ஒன்னையும் காட்டச் சொன்னாரு டாக்டர்."

பேனா தாளில் அழுந்தியபடி நின்றது.

"எப்போ சொன்னாரு?"

"ஒன் கல்யாணத்துக்கு முன்னாடி."

எதிரே ஒரு சிறுமி நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்தாள். சுகந்தி என்னைப் பார்க்கவில்லை. படிவத்தில் ஒரு "இல்லை"யை அடித்து, பக்கத்துக் கட்டத்தில் "ஆம்" என்று குறித்து, திருத்திய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அவள் பெயரைச் சிதைத்துக் கூப்பிட்டார்கள். எழுந்து போனாள். கதவு மூடியது.

ஒரு மணி ஐம்பது நிமிடம் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்தபோது வேண்டாம் என்றுவிட்டேன்.

6

அவளுக்கு இருக்கிறது. பக்கப் பார்வை பாதிக்கு மேல் போய்விட்டது. நடுப் பார்வை நன்றாக இருக்கிறது. எத்தனை வருடம் இருக்கும் என்று சொல்ல முடியாது. அன்றோடு காரோட்டக் கூடாது என்றார்கள். பிரபாகர் வந்துதான் எங்களை அழைத்துப் போனார்.

பாதி இடித்த சமையலறையில், அலமாரிகளின் மேல் தற்காலிகமாகப் போட்டிருந்த பலகையில் சாவிக்கொத்தை வைத்துவிட்டு அவள் திரும்பினாள்.

"ரேச்சலைப் பின்னாடி உக்கார வச்சி இருவது வருஷம் ஓட்டியிருக்கேன்பா. பனியில, மழையில, பொழுது சாஞ்சப்புறம். அவ சிநேகிதப் புள்ளைங்களையும் ஏத்திக்கிட்டு."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"ரேச்சலைப் பெத்துக்கலாமா வேணாமான்னு நான்ல யோசிச்சிருக்கணும்? பெத்திருப்பேன், எனக்குத் தெரியும். ஆனா யோசிச்சுட்டுப் பெத்திருப்பேன். எனக்கும் சேத்து நீங்களே யோசிச்சிட்டீங்க."

"தப்புதாம்மா."

"அம்மா போனை உங்ககிட்ட குடுத்துட்டுப் போயிருவாங்க. கண்ணைப் பத்திக் கேட்டாலே குடுத்துருவாங்க. எம்மேல கோவம்னு நெனச்சேன். தூரமாப் போயிட்டேன்னு எம்மேல கோவம்னு." அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

இரண்டு நாள் கழித்துப் பிரபாகர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"மாமா, அன்னைக்கு நீங்க சொல்லியிருந்தா எங்க வீட்ல வேணாம்னுதான் சொல்லியிருப்பாங்க. எங்கம்மா கண்டிப்பா வேணாம்னுருப்பாங்க. சுகந்தி எனக்குக் கெடச்சிருக்க மாட்டா. அதனால நீங்க செஞ்சது சரின்னு ஆயிடாது."

இல்லை என்றேன்.

கல்லை அவர்கள் இருவரும்தான் தேர்ந்தெடுத்தார்கள். கறுப்பு கிரானைட் பேச்சையே பிரபாகர் எடுக்கவில்லை. வெறும் வெள்ளை தட்டையாகத் தெரியும், சாம்பல் நிற நரம்பு ஓடுகிற வெள்ளையை எடுங்கள், கறுத்த அலமாரிக்கு அதுதான் பொருத்தம் என்று கடைப் பெண் சொன்னாளாம். நரம்புக் கோட்டில் கத்தி ஒளிந்துகொள்ளும் என்று சுகந்தி வேண்டாம் என்றுவிட்டாள். புள்ளியும் கோடும் இல்லாத வெள்ளை. கையில் இடிக்காதபடி ஓரங்கள் உருட்டியது. அதை மாட்டிய நாளில் என்னை யாரும் கூப்பிட்டுக் காட்டவில்லை. நானாகப் போய்ப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

ரேச்சலிடம் அவள் அம்மாவே சொன்னாள். ரேச்சல் என்னைக் கூப்பிட்டு, தமிழ் கலக்காமல் ஆங்கிலத்திலேயே, "நீங்கள் சொல்லாமல் விட்டதை நான் இன்னும் ஜீரணித்துக்கொண்டிருக்கிறேன்" என்றாள். பரிசோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் நின்றுவிட்டது.

ஈடாக என்ன செய்யட்டும் என்று சுகந்தியிடம் கேட்டேன். அவள் உடனே சொன்னாள், முன்பே யோசித்து வைத்திருந்தது போல.

"எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம். கீழ்வேளூர்ல மாமா இருக்காரு, அவருக்கு ஒரு பொண்ணு இருக்கு. அவங்களுக்குச் சொன்னீங்களா?"

7

மாமா என்று அவள் சொன்னது எஸ்தரின் தம்பி சாமுவேலை. எஸ்தரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். தகப்பனாரின் வயலைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருக்கிறான். ஒரே மகள் ஷாலினி, சென்னையில் வேலை. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகை மாதிரியை அவன் எனக்கு அனுப்பியிருந்தான்.

போனில் எல்லாவற்றையும் சொன்னேன். பின்னணியில் அறுவடை இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது.

"நானும் ஆறு மணிக்கு மேல வரப்புல எறங்குறதில்ல அத்தான்" என்றான் கடைசியில். "வயசாச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்."

"நீயும் காட்டணும் சாமுவேல். ஷாலினியையும் காட்டணும்."

"காட்டுறேன். கல்யாணம் முடியட்டும்."

என் குரலையே யாரோ எனக்குத் திருப்பிப் போட்டுக் காட்டியது போலிருந்தது.

"முடிஞ்சப்புறம் சொல்ல முடியாதுடா. எனக்குத் தெரியும்."

"மூணு மாசம்தான் அத்தான் கேக்குறேன். இதுக்கு முன்னாடி ரெண்டு எடம் தட்டிப்போச்சு, தெரியும்ல? மண்டபத்துக்குச் சொல்லியாச்சு. நீங்க அங்க உக்காந்துக்கிட்டு எம் பொண்ணு வாழ்க்கையில ஏன் கை வக்கிறீங்க?"

"ஒரு வாரத்துல நீ சொல்லு. இல்லாட்டி நான் சொல்லுவேன்."

அவன் போனை வைத்துவிட்டான். அந்த வாரம் முழுக்கக் காத்திருந்தேன். சொன்னால் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கலாம். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது எதிர் அறையில் சுவரைத் தொட்டு நடந்துகொண்டிருந்தது. எட்டாவது நாள் காலை போனை ஸ்பீக்கரில் போட்டு ஷாலினியைக் கூப்பிட்டேன். அப்பா ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். இல்லையே மாமா என்றாள். சுகந்தி வந்து என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நானும் இருக்கேன் என்று அவளிடம் சொன்னாள். கண் டாக்டரிடம் போய்வந்த பிறகு அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

நான் சொல்லி முடித்ததும் ஷாலினி என்னிடம் பேசவில்லை. சுகந்தியிடம்தான் கேட்டாள்.

"அக்கா, சாயங்காலம் ஸ்கூட்டில வர்றப்ப ஓரத்துல நிக்குற வண்டியில ரெண்டு தடவை இடிச்சுட்டேன். பராக்குப் பாக்குறேன்னு அப்பா திட்டுவாரு. அது இதுவாக்கா?"

"காட்டிடு" என்றாள் சுகந்தி. "நாளைக்கே காட்டிடு. வண்டியைத் தொடாதே."

காட்டினாள். அவளுக்கும் இருக்கிறது, ஆரம்பம்தான். மாப்பிள்ளைப் பையனிடம் அவளே போய்ச் சொன்னாள். அவன் நல்லவிதமாகத்தான் பேசினானாம். பத்து நாளில் அவன் வீட்டார் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள்.

ஷாலினி ஸ்கூட்டியை விற்றுவிட்டாள். சுகந்தியும் அவளும் இப்போது அடிக்கடி பேசிக்கொள்கிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. சாமுவேல் என் போனை எடுப்பதில்லை. போன வாரம் ஒரு செய்தி மட்டும் அனுப்பினான்.

"உங்க பொண்ணுக்குக் கல்யாணம் முடிஞ்சப்புறம் சொன்னீங்க. எம் பொண்ணுக்கு முன்னாடியே சொல்லிட்டீங்க. நல்லா இருங்க அத்தான்."

அதைச் சுகந்தியிடம் நீட்டினேன். போனை முகத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள்.

"மாமா சொல்றது சரிதான்பா" என்றாள். போனை என் உள்ளங்கையில் வைத்து, நான் அதைப் பிடித்துக்கொள்ளும்வரை தன் கையை எடுக்காமல் நின்றாள்.